டயருக்கு மீன் எண்ணெய் தேய்த்த டீச்சர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். உராய்வு என்றால் என்ன, வெப்பம் எப்படி உண்டாகிறது, காற்றழுத்தம் எதைத் தாங்கும் என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பிள்ளைகள் கொட்டாவி விடும்வரை விளக்குபவள். அப்படிப்பட்ட நான், என் முதல் காரின் நான்கு டயர்களுக்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து மீன் எண்ணெய் தேய்த்து ஊறவைத்தேன். (சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைவிடப் பெரிய கூத்து இருக்கிறது.)

பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பம் எங்கள் ஊர். முன்னால் கடல், பின்னால் ஏரி, நடுவில் மணல். அந்த மணலில் நடப்பதே பெரும்பாடு, அதில் போய் நான் கார் வாங்கினேன். பொன்னேரியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் சின்ன வெள்ளைக் காரை வருடக்கணக்கில் கொட்டகையிலேயே நிறுத்தி வைத்திருந்தார். வாரம் ஒருமுறை துடைப்பாரே தவிர, ஓட்டமாட்டார். "வண்டி ஓடவே இல்லைம்மா. டயரைப் பாருங்க, பட்டன் அப்படியே இருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். டயரில் மேடும் பள்ளமுமாக வெட்டியிருக்குமே, அந்தப் பட்டன் கொஞ்சம்கூடத் தேயவில்லை. புத்தம்புது டயர் என்று பூரித்துப்போனேன். டயருக்கும் வயது உண்டு, ஓடாமல் நின்றாலும் அதற்கு வயதாகும் என்பது எனக்குத் தெரியாது. விற்றவருக்கும் தெரியாது. அவரும் அறிவியல் வாத்தியார்தான்.

கார் வீட்டு வாசலுக்கு வந்ததும் என் நைனா அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.) வாழ்நாள் முழுக்க மரப்படகில் கடலுக்குப் போனவர். எதை வாங்கினாலும் அதன் பக்கவாட்டைத்தான் முதலில் பார்ப்பார்.

"பாப்பா, சைடுல வெடிச்சிருக்கு பாரு."

உண்மைதான். டயரின் பக்கங்களில் தலைமுடி போல நெளிநெளியாக வெடிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. படகுப் பலகை வெயிலில் காய்ந்து வெடித்தால் நைனா என்ன செய்வார்? மீன் எண்ணெயை ஊற்றி, துணியால் அழுத்தி, பலகை குடிக்கிறவரை தேய்ப்பார். வெடிப்பு மறைந்துவிடும். அந்த எண்ணெய் டின் எங்கள் வீட்டுக் கொல்லையில் எப்போதும் இருக்கும்.

"ரப்பருக்கு எண்ணெ போடலாமா பாப்பா?" நைனாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தாராளமா போடலாம் நைனா. படகு மரத்துல செய்றது. ரப்பரும் மரத்துலருந்துதானே வர்து? மரத்துக்கு ஒத்துக்கிறது ரப்பருக்கு ஒத்துக்காதா?"

நைனா கொல்லைக்குப் போய் டின்னை எடுத்துவந்தார். படித்த மகள் சொன்னால் அவர் மறுபேச்சு பேசமாட்டார். (அன்றைக்காவது பேசியிருக்கலாம்.)

மூன்று ஞாயிற்றுக்கிழமை தேய்த்தேன். வெடிப்பெல்லாம் மறைந்து டயர்கள் கன்னங்கரேலென்று மின்னின. குப்பத்துப் பூனைகள் அத்தனையும் என் காரைச் சுற்றிக் குடித்தனம் வந்துவிட்டன. ஒரு சாம்பல் பூனை முன் டயரை நக்குவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் வந்து நிற்பார். பூனைகள் அவருடைய மீன் கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி என் டயருக்கே திரும்பும். "நான் புடிச்சிக்கினு வர்ற மீனுக்கு இல்லாத மரியாதை உன் வண்டிக்கு" என்று அவர் சொன்னபோது, அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது காற்று. டயரில் காற்று முழுக்க இருந்தால் எங்கள் மணலில் கார் இறங்கிவிடும். கொஞ்சம் இறக்கிவிட்டால் டயர் அகலமாகி, மணல்மேல் ஒட்டகம் மாதிரி நடக்கும். இதை நானே கண்டுபிடித்ததாக நினைத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பெருமை பேசினேன். தார் ரோட்டுக்கு ஏறியதும் மறுபடி காற்றடிக்க வேண்டும் என்ற பாதியை மட்டும் கண்டுபிடிக்கவில்லை. காற்றுக் குறைந்த கார் தார் ரோட்டில் மெத்தென்று போகும். சொகுசு என்று நினைத்தேன்.

கடைசியாக ஸ்டெப்னி. உபரியாக ஐந்தாவது சக்கரம் ஒன்று பின்னால் படுத்துக்கிடந்தது. நைனாவின் கூட்டாளி ஒருவர் தன் ஃபைபர் படகைக் கரையோரம் நிறுத்தும்போது மற்ற படகுகள் மோதாமல் இருக்க, பக்கவாட்டில் கட்டிவிட ஒரு டயர் கிடைக்குமா என்று கேட்டார். "நாலு சக்கரம்தான் ஓடுது, அஞ்சாவது சும்மாத்தானே கெடக்குது" என்று இரும்பு டிஸ்க்கோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன். குப்பத்தில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

இப்படியாக, வயதான டயர், அதன்மேல் மீன் எண்ணெய், உள்ளே பாதிக் காற்று, ஸ்டெப்னி கடலில். இந்த நிலையில்தான் ஏரியில் இறால் பிடிக்கும் கன்னியம்மாவின் விஷயத்தில் தலையிட்டேன்.

ஏரிக்கரையோரம் இருக்கும் குடும்பங்களில் பலர் கையால் இறால் பிடிப்பவர்கள். படகு கிடையாது, வலை கிடையாது, தூண்டில்கூடக் கிடையாது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கழுத்து நனைய உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பனையோலையில் முடைந்த பறி என்ற சின்னப் பையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். கையில் தட்டுகிற இறால் நேராகப் பறிக்குள் போகும். தண்ணீர் கலங்கி இருக்கும். அடியில் எதுவும் தெரியாது. கல்லா, நத்தையா, நண்டா, இறாலா, கெளுத்தி மீனின் முள்ளா என்று விரல்தான் சொல்ல வேண்டும். தப்பாகத் தொட்டால் ரத்தம்.

இதை நான் பிறந்ததிலிருந்து தினமும் பாலத்தின்மேல் போகும்போது பார்க்கிறேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கவனித்தேன் என்று சொன்னால் பொய். தண்ணீரில் நான்கு தலைகள் மிதப்பது எனக்குப் பாலத்தின் தூண்கள் நிற்பதுபோல ஒரு காட்சி, அவ்வளவுதான்.

கன்னியம்மாவுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். அவருடைய மகள் என் வகுப்பு. மீனவர் அட்டை கேட்டு அவரும் கூட்டாளிகளும் மூன்று முறை மனுப் போட்டு, மூன்று முறையும் திரும்பி வந்திருந்தது. காரணம் மனுவிலேயே இருந்தது. 'படகு எண்' என்று ஒரு கட்டம். 'வலையின் வகை' என்று இன்னொரு கட்டம். இரண்டும் காலி. படகும் வலையும் இல்லாதவர் எப்படி மீனவர்? அட்டை இல்லாவிட்டால் மீன்பிடித் தடைக் காலத்து உதவி கிடையாது, புயலுக்கு நிவாரணம் கிடையாது, யாராவது ஏரியில் இறங்காதே என்றால் எதிர்த்துக் கேட்கவும் முடியாது. நான்காவது மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத் திருவள்ளூரில் அதிகாரி முன்னால் நேரில் வர வேண்டும், வராவிட்டால் மனு முடிக்கப்படும்.

"காலைல ஆறு மணி பஸ்ஸப் புடிச்சா ஒம்போதரைக்கெல்லாம் போய்டலாம் டீச்சர்" என்றார் கன்னியம்மா.

"பஸ்ஸு இன்னாத்துக்கு? என் கார்ல போலாம்" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டச்சுக் கல்லறை வாசலில் அவர்களை ஏற்றிக்கொண்டேன். அந்த வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அவற்றின் முன்னால் மூன்று பெண்கள் கஞ்சி போட்ட புடவையில், தலையில் பூ வைத்து, கையில் மனுவோடு நின்றார்கள். கன்னியம்மா, அவருடைய கூட்டாளி அஞ்சலை, பிறகு வாயே திறக்காத லட்சுமி. அஞ்சலை கொஞ்சம் பூசின உடம்பு. அவர் பின்சீட்டில் ஏறியதும் கார் ஒரு பக்கமாக உட்கார்ந்தது. அந்தப் பழியை வழியெல்லாம் அவர் தலையில் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஸ்டியரிங் இடதுபக்கமாக இழுத்தது. "அஞ்சல, கொஞ்சம் நடுவுல நகந்து உட்காரு" என்றேன். வளைவில் கார் வழுக்கிக்கொண்டு போனது. "அஞ்சல, ஆடாத." அஞ்சலை பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருந்தார். பொன்னேரியைத் தாண்டி, பெரியபாளையம் போகும் சாலையில் வயல்வெளிக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது, கமகமவென்று ஒரு வாசனை வந்தது.

"டீச்சர், யாரோ மீன் வறுக்கறாங்க" என்றார் அஞ்சலை.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை வீடே இல்லை.

"காலைல எட்டு மணிக்கு யாரு வறுப்பாங்க? உனக்குப் பசி" என்றேன். ஆனால் எனக்கும் வாசனை வந்தது. நல்ல வஞ்சிரத்தைச் சூடான கல்லில் போட்ட வாசனை. கொஞ்ச நேரத்தில் அது கருகிய வாசனையாக மாறியது.

என் பக்கத்து சீட்டில் கன்னியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் பதித்து உட்கார்ந்திருந்தார். "டீச்சர், நிறுத்து" என்றார்.

"இன்னும் ரொம்ப தூரம் இருக்கு."

"காலுக்கு அடியில ஏதோ தட்டுது. ஒரே மாதிரி தட்டுது. நிறுத்துன்னு சொல்றேன்ல."

நிறுத்தினேன். மரியாதைக்காக நிறுத்தினேன், பயந்து இல்லை. இறங்கி, டிரைவர்கள் செய்வது மாதிரி ஒவ்வொரு டயரையும் காலால் ஒரு உதை உதைத்தேன். ஏன் உதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உதைத்தால் தெரிந்தவர் மாதிரி இருக்கும். நான்கும் நன்றாக, கறுப்பாக, பளபளவென்று இருந்தன.

"எல்லாம் சரியாத்தான் கீது. ஏறுங்க."

கன்னியம்மா ஏறவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டார். முகத்தைக் காருக்கு எதிர்ப்பக்கமாக, வயலைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு முழங்கைவரை கையைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டார். அந்த இடம் எனக்குத் தெரியவே தெரியாது. சக்கரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் யோசித்ததில்லை. நான் எண்ணெய் தேய்த்ததெல்லாம் வெளிப்பக்கம், பூனை பார்க்கிற பக்கம்.

அவருடைய தோள்மட்டும் மெதுவாக நகர்ந்தது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஏரியில் தலைமட்டும் தெரிய உட்கார்ந்திருப்பவர்களின் முகம் அது. அத்தனை வருடம் பாலத்தின்மேலிருந்து பார்த்த முகத்தை இரண்டடி தூரத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பல்லிலிருந்து முந்தானையை விட்டார்.

"முட்டை மாதிரி ஒண்ணு பொடச்சிக்கினு இருக்குது. சுடுது. தோலு பிரிஞ்சி உள்ள நூலு தெரியுது, வலைக் கண்ணி மாதிரி பின்னி இருக்குது. உள்ள காத்து இருக்குது, அது வெளிய வரப் பாக்குது டீச்சர்."

பார்க்காமலே சொன்னார். நான் மண்டியிட்டுக் கையை விட்டேன். விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். புடைப்பு இருந்தது. எலுமிச்சம்பழ அளவு. அதன்மேல் நூல் நூலாக ஏதோ தடவியது. இத்தனை நேரம் அந்தப் புடைப்பின்மேல் மூன்று பெண்களை உட்காரவைத்து, லாரிகளுக்கு நடுவே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறேன். ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

(ஆறேழு மாதக் கடல் பயணத்தில் மரக்கப்பலில் ஹாலந்திலிருந்து கிளம்பிப் பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள் டச்சுக்காரர்கள். நான் பழவேற்காட்டிலிருந்து திருவள்ளூருக்குப் போய்ச் சேரவில்லை.)

"ஸ்டெப்னி மாத்திடலாம் டீச்சர், இருக்கும்ல?" என்றார் அஞ்சலை. ஊர் வேன்களில் போய்ப் பழகியவர், விவரம் தெரிந்தவர்.

"ஸ்டெப்னி... கடலுக்குப் போயிருக்குது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயே திறக்காத லட்சுமி அன்றைக்கு முதன்முறையாக வாய் திறந்தார். "எப்ப கரைக்கு வரும்?" என்றார். கிண்டலே இல்லாமல் கேட்டார், அதுதான் தாங்கவில்லை.

அப்போது எட்டேகால். கொஞ்ச தூரத்தில் ஒரு பஞ்சர் கடை தெரிந்தது. காரை ஓட்டிக்கொண்டு போக கன்னியம்மா விடவில்லை. சக்கரத்தைக் கழற்றலாம் என்றால் கடல் காற்றில் நட்டெல்லாம் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. நான் ஸ்பேனரைத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. அஞ்சலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்து, ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றார். 'கடக்' என்று நட்டு விட்டுக்கொடுத்தது. வழியெல்லாம் அவர் எடையைத் திட்டிக்கொண்டு வந்த நான் ஒவ்வொரு நட்டுக்கும் அவர் காலைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு ஜாக்கியில் வண்டியை ஏற்றிவைத்து, கஞ்சி போட்ட புடவையோடு கன்னியம்மாவும் அஞ்சலையும் சக்கரத்தை நடுரோட்டில் உருட்டிக்கொண்டு போனார்கள். நான் மனுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கடை பூட்டியிருந்தது. ஒன்பதரைக்குத்தான் கடைக்கார பாய் வந்தார். டயரைக் கையில் எடுத்தார், மூக்கைச் சுளித்தார், முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார்.

"இன்னாம்மா இது? டயரா, கருவாடா?"

நான் சொன்னேன். மரம், படகு, வெடிப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ரப்பருக்கு எண்ணெ ஆகவே ஆகாதும்மா. ஊறி ஊறிப் பஞ்சு மாதிரி ஆயிடும். பாருங்க" என்று கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் பொறித்திருந்ததைக் காட்டினார். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருடம். வீட்டில் என் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லித்தருகிற நான் கழித்துப் பார்த்தேன். புத்தம்புது டயருக்கு ஒன்பது வயது.

"பட்டன் இருந்தா மட்டும் போதாது. வெயில்ல நின்னே செத்துப்போன டயரு இது. காத்து எவ்ளோ வெப்பீங்க?"

"மணலுக்குக் கொஞ்சம் கம்மியா..."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு காருக்கே நடந்துபோய் மற்ற மூன்றையும் அளந்து வந்தார். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று. காற்றுக் குறைந்தால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், மடங்க மடங்கச் சூடேறும், சூடேறினால் உள்ளே இருக்கும் நூல் விட்டுவிடும் என்றார். நான் எட்டாம் வகுப்பில் சொல்லும் பாடம்தான். கம்பியை மடக்கி மடக்கிச் சூடாக்கிக் காட்டுவேன், பிள்ளைகள் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள்.

பிறகு பாய் தன் உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

"ஒரு டயரு தரையத் தொடுற இடம் இவ்ளோதான். நாலுக்கும் சேத்து நாலு உள்ளங்கை. அறுவது, எம்பதுன்னு போறீங்களே, அம்மாம் பெரிய வண்டியும் உள்ள கீற சனமும் அந்த நாலு கையிலதான் நிக்குது. பிரேக்கு புடிக்கறதும் அதான். திருப்பறதும் அதான்."

நான் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் படிந்த, காய்ப்புக் காய்த்த கை. அத்தனை நாள் இந்தக் காரில் என் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனதை நினைத்தேன். சாலையில் போன ஒவ்வொரு லாரியின் அடியிலும் எனக்கு உள்ளங்கைகள் தெரிந்தன.

"இத்த யாரு கண்டுபுடிச்சது? உள்பக்கம் புடைப்பு வந்தா நாங்களே வண்டியத் தூக்காமப் பாக்க முடியாது" என்றார் பாய். நாங்கள் கன்னியம்மாவைக் காட்டினோம். பாய் எழுந்து நின்று ஒரு சலாம் வைத்தார். கன்னியம்மா மணி என்ன என்று கேட்டார்.

பத்து. பாயிடம் அதே அளவில் நல்ல டயர் ஒன்று இருந்தது. அதை டிஸ்க்கில் ஏற்றி முடிப்பதற்குள் கரண்டு போய்விட்டது. காற்றடிக்கும் மெஷின் ஓடவில்லை. கரண்டு வரும்போது பத்தே முக்கால். சக்கரத்தை மாட்டிக் காரைக் கடைக்குக் கொண்டுவந்ததும் நாலு சக்கரத்துக்கும் காற்று வைத்து, "நாப்பதுக்கு மேல போகாதீங்க, நாளைக்கே மிச்சம் மூணையும் மாத்திடுங்க" என்று சொல்லி அனுப்பினார். நாற்பதில் போனேன். மொபெட்காரர் ஒருவர் பெரியபாளையம் வரைக்கும் எனக்கு இணையாக வந்து பேச்சுக் கொடுத்தார். மூன்று முறை திரும்பி வந்த மனு நான்காவது முறை என்னால் போகப்போகிறது. கன்னியம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போய்ச் சேரும்போது பன்னிரண்டு பத்து. அதிகாரி படியிறங்கிக் காரில் ஏறப்போய்க்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் வழியை மறித்தேன். மூச்சிரைக்க, முகமெல்லாம் கிரீஸோடு, மேலெல்லாம் மீன் வாடையோடு, "வணக்கம் சார், நாங்க பழவேற்காடு" என்றேன். அதை நான் சொல்லவே தேவையிருக்கவில்லை.

"பதினோரு மணின்னுதான போட்டிருந்தது?"

"டயர் சார்..."

"சரி, வந்ததுக்குக் கேக்கறேன். படகும் இல்ல, வலையும் இல்ல. கையால பிடிக்கிறோம்னு எழுதியிருக்கீங்க. கண்ணுக்குத் தெரியாத தண்ணியில கையால எப்படிம்மா பிடிப்பீங்க? இதுக்கு நான் என்ன ஆதாரம் வெக்கிறது?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நேற்றுவரை எனக்கும் புரியாத விஷயம்தானே.

நான் தயார் செய்துவைத்திருந்த பேச்சு நினைவுக்கு வரவில்லை. அஞ்சலைதான் சொன்னார். டீச்சர் எண்ணெய் தேய்த்ததிலிருந்து ஸ்டெப்னி கடலுக்குப் போனதுவரை ஒன்றுவிடாமல், என் மானத்தைத் துளிகூட மிச்சம் வைக்காமல் சொன்னார். அதிகாரியின் டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், எங்களோடு கன்னியம்மா இல்லை.

அவர் அதிகாரியின் காருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். முந்தானை பல்லில். கண் மூடியிருந்தது. முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு சக்கரம் முடித்து அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். மூன்றாவது சக்கரத்தில் கன்னியம்மாவின் தோள் நின்றது.

"சாரு வண்டில ஆணி ஏறியிருக்குது. உள்பக்கமா ரெண்டாவது பட்டன் சந்துல. தல தேஞ்சி மழுங்கிப்போச்சி, ஏறி ரொம்ப நாளாச்சி."

"நேத்துதான் வண்டிய செக் பண்ணேன் சார்" என்றார் டிரைவர். பிறகு குனிந்தார், படுத்தார், டார்ச் கேட்டார். எழுந்து நிற்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இருக்கு சார்" என்றார் மெதுவாக.

அதிகாரி கொஞ்ச நேரம் கன்னியம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெளுத்தி முள் கிழித்த தழும்புகள், சேற்றில் ஊறி வெளுத்த விரல் நுனிகள், அன்றைய கணக்கில் கிரீஸ். திரும்பிப் படியேறினார். நான்கைந்து படி போய்விட்டுத் திரும்பி, "மேல வாங்கம்மா" என்றார்.

மேசையில் மனுவை விரித்தார். 'படகு எண்' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். 'வலையின் வகை' என்ற கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தி யோசித்தார். பிறகு தன் கையெழுத்தில் 'கை' என்று எழுதினார். மூன்று பேர் மனுவிலும் அப்படியே எழுதினார். வெறும் ஓரெழுத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சலை முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, கிரீஸை இன்னும் நன்றாகப் பரப்பிவிட்டார்.

வெளியே வந்து கார் கதவைத் திறந்து பிடித்தேன். மூன்று பேரும் எனக்கு ரொம்ப நன்றி சொன்னார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். நான் மட்டும் தனியாக நாற்பதில் திரும்பினேன். பொன்னேரிக்கு முன்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து என்னைத் தாண்டிப்போனது. ஜன்னலிலிருந்து மூன்று கைகள் ஆடின.

மறுநாளே மற்ற மூன்று டயர்களையும் மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து மணலை விட்டு ரோட்டுக்கு ஏறியதும் முதல் வேலை காற்று. வண்டியை எடுக்குமுன் நான்கு சக்கரத்தையும், உள்பக்கம் உட்பட, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கிறேன். என் கைக்கு ரப்பர் தெரிகிறது, மணல் தெரிகிறது. அதற்குமேல் ஒன்றும் தெரிவதில்லை. பாலத்தில் போகும்போது தண்ணீரில் தலைகளைப் பார்த்தால் இப்போது வேகத்தைக் குறைத்துவிடுவேன். கன்னியம்மாவை நீ, வா என்று கூப்பிடுவதும் அன்றோடு போயிற்று.

சில மாதம் கழித்து அட்டை வந்தது. கன்னியம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்ததும் மகளைப் பொன்னேரியில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், நாளைக்கு நானும் கூட வர வேண்டும் என்றார்.

"கண்டிப்பா வர்றேன் கன்னியம்மா. காலைல உங்க வீட்டு வாசல்லயே நில்லுங்க, நான் வந்து ஏத்திக்கறேன்" என்று ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்துக் காட்டினேன்.

கன்னியம்மா சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர், நைனா, பிள்ளைகள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். எனக்கு மனம் நோகக்கூடாது என்று அவர் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது. கடைசியில், இருப்பதிலேயே அன்பான குரலில் சொன்னார்.

"பஸ்ஸுக்கு டிக்கெட்டு நான் எடுக்கறேன் டீச்சர்."

அதற்குப் பிறகு இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் நான் சாவியைத் தொட்டால் போதும். கல்யாணத்துக்கோ, கோயிலுக்கோ, காய்கறி வாங்கவோ, எங்கே கிளம்பினாலும் யாராவது ஒருவர் எழுந்து நின்று, சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, அதே குரலில் சொல்லிவிடுவார்: "டிக்கெட்டு நான் எடுக்கறேன் டீச்சர்." போன வாரம் என் பேத்தியும் சொன்னாள். அவளுக்கு இன்னும் 'ட' சரியாக வரவில்லை.